போடோ என்ற தந்திக்காரர்: பழைய கணினிகளுக்குள் வாழும் ஒரு பெயர்

கணினி திருத்துகிறவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் ஒரு மனிதரின் பெயர் உண்டு. உச்சரிக்கிறவர்களில் பலருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியாது. பழைய மோடம், ரசீது அச்சிடும் கருவி, கடைத் தராசு என்று சீரியல் போர்ட்டில் எதைப் பொருத்தினாலும், முதலில் தீர்மானிக்க வேண்டியது எத்தனை போட் என்பதைத்தான். 2400 போட்டா, 9600 போட்டா? இந்தப் போட் என்ற அளவு, எமில் போடோ என்ற பிரெஞ்சுத் தந்தி ஊழியரின் பெயரைச் சுருக்கி வைத்தது.

மாத்தளையில் இருந்துகொண்டு பழைய மின்னணுப் பொருட்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். பெரிய கடைகளில் குப்பை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவைதான் அதிகமாக என்னிடம் வருகின்றன. அவற்றுள் சில வன்னியிலிருந்து பஸ்ஸில் பொதியாக வருபவை. 1983 இல் மாத்தளையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்குப் பின்னர் இந்த மலைகளை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் பல. அவர்களுக்கு இங்கே இன்னும் உறவுகள் உண்டு. அந்த உறவின் வழியாகவே பொதிகளும் வருகின்றன.

போடோவின் வாழ்க்கையை நம்மவர்களுக்குச் சொல்ல விரும்புவதற்கு இரண்டு காரணங்கள். அவருடைய வேலை தொடங்கிய வேளையில் ஒரு போர் குறுக்கே வந்தது. அடுத்தது, அவர் வகுத்த முறையைக் கொஞ்சம் புரிந்துகொண்டால், நம் வீடுகளின் மூலையில் கிடக்கும் பழைய கருவிகளிலிருந்து எதையாவது மீட்க முடியும்.

தோட்டவேலையும் தந்தி அறையும்

1845 செப்டெம்பர் 11 ஆம் திகதி, பிரான்சின் ஓத்-மார்ன் பகுதியில் உள்ள மான்யோ என்ற சிறிய கிராமத்தில் போடோ பிறந்தார். தந்தை ஒரு விவசாயி. ஊர் ஆரம்பப் பாடசாலையில் படித்த படிப்பு மட்டுமே அவருடைய முறையான கல்வி. அதன் பிறகு தந்தையின் நிலத்திலேயே வேலை செய்தார். 24 ஆவது வயதை எட்டும் காலத்தில், 1869 இல், பிரெஞ்சுத் தபால் தந்தித் திணைக்களத்தில் பயிலுநராகச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு இரண்டு முறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்று நாம் கேள்விப்பட்ட மோர்ஸ் முறை. மற்றது ஹியூஸ் என்பவர் உருவாக்கிய அச்சுத் தந்தி. இது பியானோவைப் போன்ற கட்டைகளை அழுத்தினால் மறுமுனையில் எழுத்தாகவே அச்சாகும் இயந்திரம். இதற்கு நான்கு மாதப் பயிற்சி கொடுத்தார்கள். இந்த நான்கு மாதங்கள்தான் அவருடைய பிற்காலம் முழுவதற்கும் விதையாக இருந்தன.

அடுத்த ஆண்டே போர் வந்தது. 1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே மூண்ட அந்தப் போரில் போடோவும் சில காலம் படையில் பணியாற்றினார். அந்தப் போரைப் பற்றி நம்மவர்கள் வாசித்தால் பல இடங்களில் நின்று யோசிப்பார்கள். 1870 செப்டெம்பர் முதல் 1871 ஜனவரி வரை பாரிஸ் நகரம் முற்றுகைக்குள் கிடந்தது. தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. செயின் ஆற்றின் அடியில் இரகசியமாகப் போட்டிருந்த கேபிளையும் எதிரிகள் கண்டுபிடித்து வெட்டினார்கள். நகரத்துக்குள் இருந்தவர்கள் பலூன்களில் கடிதங்களை ஏற்றி வெளியே அனுப்பினார்கள். வெளியிலிருந்து உள்ளே வரப் புறாக்களே வழி. கடிதங்களை மிகச் சிறிய படச்சுருளாகச் சுருக்கிப் புறாவின் வாலில் கட்டி அனுப்பினார்கள்.

தொலைபேசி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நமக்கு இது புரியும். செஞ்சிலுவைச் சங்கத்தின் ஒற்றைத்தாள் கடிதத்தில் ஒரு குடும்பத்தின் மொத்தச் செய்தியையும் அடக்கி எழுதியவர்கள் இதை வாசிக்கும் உங்களிடையே இருப்பீர்கள். வழி ஒடுங்கும்போது செய்தியைச் சுருக்கத்தான் வேண்டும்.

ஒரு கம்பி, பல செய்தி

1872 இல் போடோ பாரிசில் தந்தி வேலைக்குத் திரும்பினார். திணைக்களம் ஒரு பிரச்சினையில் இருந்தது. செய்திகள் கூடிக்கொண்டே போயின. புதிய கம்பி இழுக்கப் பணம் அதிகம் வேண்டும். இருக்கும் கம்பியில் கூடுதலான செய்தியை அனுப்ப முடியுமா என்று ஆராயுமாறு போடோவை ஊக்கப்படுத்தினார்கள். ஆனால் அலுவலக நேரத்தில் அதற்கு இடமில்லை. சொந்த நேரத்தில்தான் செய்ய வேண்டும்.

அவர் கவனித்தது எளிமையான ஒன்று. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே கம்பி சும்மா கிடக்கிறது. தோட்டத்து லயத்தில் ஐந்து வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தால் என்ன செய்கிறோம்? முறை வைத்துப் பிடிக்கிறோம். ஒரு வீட்டுக்காரர் குடத்தைத் தூக்கிச் செல்லும் நேரத்தில் அடுத்தவர் குடம் குழாயடியில் இருக்கும். போடோ தந்திக் கம்பிக்கும் அதே முறையை வைத்தார். இரு முனைகளிலும் ஒரே வேகத்தில் சுழலும் பகிர்வுக் கருவி இருக்கும். அது ஒவ்வொரு தந்திக்காரருக்கும் ஒரு கணம் கம்பியைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகும். இரண்டு முனையும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஒரே கம்பியில் ஐந்து பேரின் செய்திகள் குழம்பாமல் போகும்.

இதற்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரே அளவு நேரம் எடுக்க வேண்டும். மோர்ஸ் முறையில் ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளி போதும், இன்னோர் எழுத்துக்கு நான்கு குறிகள் வேண்டும். போடோ எல்லா எழுத்துக்கும் சரியாக ஐந்து கூறுகள் என்று வைத்தார். ஒவ்வொரு கூற்றிலும் மின்சாரம் ஒன்று இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். ஐந்து கூறுகளால் 32 வேறுபட்ட சேர்க்கைகள் கிடைக்கும். ஜேர்மனியில் கவுஸ், வெபர் ஆகியோரும் ஐந்து கூற்றுக் குறிகளை முன்பே முயன்று பார்த்திருந்தார்கள். பகிர்வுக் கருவியை மேயர் என்பவர் 1871 இல் அமைத்திருந்தார். இவற்றையெல்லாம் ஹியூஸின் அச்சு முறையோடு சேர்த்து, ஓடுகின்ற ஓர் இயந்திரமாக்கியது போடோவின் பங்கு. 1874 ஜூன் 17 இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார்.

இந்த 32 என்ற எண்ணைப் பார்த்தபோது நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நம் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்து அனுப்பினால் 247 எழுத்தும் போடோவின் ஐந்து கூறுகளுக்குள் அடங்கியிருக்கும். சொற்களுக்கு இடைவெளி விட ஓர் இடமும் மிஞ்சும். ஆனால் எங்கள் லயத்துக்கு வந்த தந்திகள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி ஓட வேண்டும். சாவுச் செய்தியா, சுகச் செய்தியா என்று தெரியாமல் வீட்டார் முற்றத்தில் நிற்பார்கள்.

தந்தி அறையில் போடோவின் கருவிக்கு ஐந்தே கட்டைகள். இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. கருவி எழுப்பும் தட்டொலிக்கு ஏற்ப, தாளம் தவறாமல் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 30 சொற்கள் வழக்கமான வேகம். முந்தினாலும் பிந்தினாலும் எழுத்து கெடும்.

1877 நவம்பர் 12 இல் பாரிசுக்கும் போர்தோ நகருக்கும் இடையே அவருடைய முறை வேலைக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,700 கிலோமீற்றர் நீளமான பாரிஸ்-ரோம் வழியிலும் ஓடியது. 1878 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1880 இல் பதவி உயர்வு. அதே 1880 இல்தான் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையிலான முதல் தந்தி வழி அதற்கும் 22 ஆண்டுகள் முந்தியது.

வழக்கும் துப்பாக்கியும்

வெற்றியோடு வழக்கும் வந்தது. மிமோ என்ற இன்னொரு தந்தி ஊழியரும் 1874 இல் ஐந்து கம்பிகளைக் கொண்டு செய்தி அனுப்பும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். திணைக்களம் அவருடைய முறையை ஏற்கவில்லை. அவர் அதைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார். அப்போதும் ஏற்கவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன் போடோ தன் காப்புரிமையை எடுத்துவிட்டார். குறிமுறை தன்னுடையது என்று 1877 இல் மிமோ வழக்குத் தொடுத்தார். திணைக்களத்தைச் சாராத மூன்று நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்ட நீதிமன்றம் முதலில் மிமோவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இரு தரப்புக்கும் அது திருப்தி தரவில்லை. பின்னர் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டு, வழக்குச் செலவு முழுவதும் மிமோவின் தலையில் விழுந்தது.

அதன் பிறகு மிமோ நிலைகுலைந்து போனார். பணமும் விருதும் காப்புரிமை நீடிப்பும் கேட்டு மனுப் போட்டார். ரேனோ என்ற அதிகாரியின் தலைமையிலான குழு அதை மறுத்தது. மிமோ துப்பாக்கியை எடுத்துப்போய் ரேனோவைச் சுட்டுக் கொன்றார். பத்து ஆண்டு கடூழியமும் இருபது ஆண்டு நாடுகடத்தலும் தண்டனை. யாருடைய உழைப்பு யார் பெயரில் பதியப்பட்டது என்ற கேள்வி ஓர் உயிரை வாங்கி, இன்னோர் உயிரையும் பாழாக்கியது. போடோவின் பெயர் இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. மிமோவின் பெயரையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்வதுதான் நியாயம்.

போடோவின் சொந்த வாழ்க்கையிலும் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வேலையில் சேர்ந்த சில காலத்திலேயே உடல்நலம் கெடத் தொடங்கியது. ஒரு முறை ஒரு மாதம் வரை விடுப்பில் இருந்தார். 1890 ஜனவரியில், 44 ஆவது வயதில், திருமணம் செய்தார். மூன்று மாதத்துக்குள், ஏப்ரல் 9 ஆம் திகதி, மனைவி இறந்துவிட்டார். அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் மீண்டும் வேலையில் நிற்கிறார். பாரிஸ், வான், லோரியோன் ஆகிய மூன்று ஊர்களை ஒரே கம்பியில் இணைத்துக் காட்டினார். 1903 மார்ச் 28 இல், பாரிசுக்கு அருகே சோ என்ற இடத்தில், 57 ஆவது வயதில் இறந்தார். 1926 இல் தந்தி வேகத்தை அளக்கும் அலகுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.

கணினிக்கு வந்த வழி

நியூசிலாந்தில் பிறந்த டொனால்ட் மறே என்பவர் 1901 அளவில் போடோவின் குறிமுறையைத் தட்டச்சுப் பலகைக்கு ஏற்ப மாற்றினார். அதிலிருந்து தொலை அச்சுக் கருவிகள் வந்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்கக் குறி, பின்னே ஒரு முடிவுக் குறி என்று வைத்ததால், இரு முனைகளும் எந்நேரமும் சேர்ந்து சுழல வேண்டிய தேவை போய்விட்டது. 1960 இல் அமெரிக்காவில் ஆர்எஸ்-232 என்ற பொது விதி வந்தது. அதுதான் கணினியின் சீரியல் போர்ட். முதல் பிசிகளில் 25 ஊசிகளோடு இருந்தது, 1984 இல் ஐபிஎம் ஏடி கணினியோடு 9 ஊசியாகச் சுருங்கியது. 1996 இல் யூஎஸ்பி வந்த பிறகு மெல்ல மறைந்தது. லினக்ஸ் கணினியில் இன்றும் சீரியல் போர்ட்டின் பெயர் டிடிஒய் என்று தொடங்கும். அந்தத் தொலை அச்சுக் கருவியின் பெயரைச் சுருக்கியதுதான் அது.

சில காலத்துக்கு முன் வன்னியிலிருந்து 1990களின் மடிக்கணினி ஒன்று என்னிடம் வந்தது. ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருடையது. இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஒரு முகாமில் அவர் குடும்பவாரியாகப் பட்டியல் வைத்திருந்தார். பெயர், சொந்த ஊர், பிள்ளைகள் பிறந்த திகதி. கணினி இயங்கியது. ஆனால் பிளொப்பி இயங்கவில்லை, யூஎஸ்பி இல்லை, வன்தட்டு முனகிக்கொண்டிருந்தது. நிறுத்திக் கழற்றினால் மறுபடி சுழலுமோ என்று தெரியாத நிலை. பின்பக்கத்தில் ஒன்பது ஊசிகளோடு ஒரு சீரியல் போர்ட் மட்டும் நலமாக இருந்தது.

யூஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்றும், இரண்டாம் மூன்றாம் வயர்களைக் குறுக்கே மாற்றிய கேபிள் ஒன்றும் எடுத்தேன். என் கணினியில் 9600 போட் வைத்துக் கேட்டபோது பொருளற்ற குறிகள் கொட்டின. 2400 க்கு மாற்றியதும் எழுத்துகள் ஒழுங்காக வரத் தொடங்கின. போடோவின் தந்தி அறையிலும் இதே விதிதான். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். 2400 போட் என்றால் நொடிக்கு 240 எழுத்து. ஒரு குடும்பம், அடுத்த குடும்பம் என்று திரையில் வரிகள் இறங்கின.

வந்தவை எல்லாம் ஆங்கில எழுத்துகள். பார்த்தவர்கள் கெட்டுப்போன தரவு என்றே நினைப்பார்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஒரு வரிசை அடிக்கடி வந்தது. பாமினி எழுத்துருவில் அது அம்மா என்ற சொல். யூனிகோட் பரவுவதற்கு முன் நம்மவர்கள் பெரும்பாலும் பாமினியில்தான் தட்டச்சு செய்தார்கள். மாற்றும் செயலியில் ஒட்டியதும் எல்லாம் தமிழாக நின்றது.

அந்தப் பட்டியல் ஒரு சட்டச் சான்று ஆகிவிடாது. ஆனால் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த ஒருவருக்கு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரிந்தால் பதிவாளர் அலுவலகத்தில் எந்தப் புத்தகத்தைத் தேடுவது என்று சொல்ல முடியும். காணாமற் போன ஒருவரைத் தேடும் குடும்பத்துக்கு, இன்ன காலத்தில் இன்ன இடத்தில் அவர் இருந்தார் என்பதற்கு ஒரு வரி கிடைக்கும்.

பார்த்து அறிவது எப்படி

உங்கள் வீட்டிலோ, ஊர்ச் சங்கத்திலோ, பாடசாலையிலோ பழைய கருவி இருந்தால், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கணினியில் 9 ஊசிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது சீரியல் போர்ட். 25 ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் சீரியல். 25 துளைகள் இருந்தால் பெரும்பாலும் அச்சுப்பொறிக்கான பரலல் போர்ட். மூன்று வரிசையில் 15 துளைகள் என்றால் திரைக்கானது. இரண்டு வரிசையில் 15 துளைகள் என்றால் விளையாட்டுக் கோலுக்கானது. சிறிய வட்ட வடிவில் ஊதா நிறம் கீபோர்டுக்கு, பச்சை நிறம் மவுசுக்கு.

சீரியலுக்கு விற்கும் யூஎஸ்பி அடாப்டர் வேறு, பரலல் அச்சுப்பொறிக்கு விற்பது வேறு. பொருந்துகிறதே என்று ஒன்றை மற்றதற்குப் பாவிக்க முடியாது. சில அடாப்டர்களின் பழைய சிப்புகளையும் போலிச் சிப்புகளையும் விண்டோசின் புதிய டிரைவர்கள் ஏற்காது. அதே அடாப்டர் லினக்சில் வேலை செய்யக்கூடும், தூக்கி எறிவதற்கு முன் அதையும் பாருங்கள். பழைய சீரியல் போர்ட்டில் 12 வோல்ட் வரை வரும். 3.3 அல்லது 5 வோல்ட்டில் வேலை செய்யும் சிறிய மின்பலகைகளை நேரே அதில் பொருத்தினால் எரிந்துவிடும்.

வேகம் தெரியாவிட்டால் 9600 இலிருந்து தொடங்குங்கள். பிறகு 2400, 1200, 19200 என்று மாற்றிப் பாருங்கள். எழுத்துக்கு 8 கூறு, சமநிலைக் கூறு இல்லை, முடிவுக் கூறு ஒன்று என்பது வழக்கமான அமைப்பு. ஆங்கிலக் குப்பை போல வந்தால் உடனே அழிக்க வேண்டாம். அப்படியே சேமித்து வைத்து, பாமினி மாற்றியில் போட்டுப் பாருங்கள்.

மாத்தளை நகருக்கு அருகே அலுவிகாரை இருக்கிறது. வாய்மொழியாக வந்த பௌத்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் நிலவிய காலத்தில், அங்குதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் செத்துப்போனால் எல்லாம் போய்விடும் என்று பயந்தே எழுதினார்கள். நமக்கும் அந்தப் பயம் புதிதல்ல. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு போனவற்றில் படி எடுக்காத சுவடிகளும் இருந்தன. ஒரு பிரதி மட்டும் இருப்பது ஒன்றும் இல்லாததற்கு மிக அருகில் இருக்கும் நிலை.

ஆசிரியரின் பட்டியலை மூன்று பிரதிகள் எடுத்து மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்திருக்கிறோம். மடிக்கணினியின் வன்தட்டு அதற்குப் பிறகு நான்கு நாள்தான் சுழன்றது.